ஜெபராஜ் அண்ணனுக்கு வாழ்த்துகள்

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சி முகாமிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொல்லக் கூடாது. கடிதத்தில் ‘விசாரணை முடியும்வரை ஓய்வளிக்கப்படுகிறது’ என்றுதான் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஈட்டி எறிகிறேன். தோள் தசை கிழிந்த வருடத்தில்கூட இவ்வளவு அன்பாக எனக்கு யாரும் ஓய்வளித்ததில்லை.

செய்த குற்றம் இதுதான். 2014 நவம்பரில், எனக்குப் பதினாறு வயது நடந்தபோது, ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டேன். மாவட்டப் போட்டியில் ஈட்டி எறிதலில் முதலிடம் வாங்கிய பெண் பதக்கத்தோடு நிற்கும் படம். ஒட்ட வெட்டிய முடி, அகன்ற தோள். கீழே நான் எழுதியது: ‘ஜெபராஜ் அண்ணனுக்கு வாழ்த்துகள். பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற முதல் ஆண்மகன்!’ பக்கத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் மூன்று. மொத்தம் பதினொரு லைக். அதில் ஒன்று நானே போட்டது.

போன மாதம் தேசியப் போட்டியில் எனக்குத் தங்கம் கிடைத்தது. அடுத்த வாரமே யாரோ ஒரு நல்ல உள்ளம் என் பக்கத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பத்து வருடம் பின்னால் போய் அந்தப் படத்தைத் தோண்டி எடுத்துவிட்டது. இவ்வளவு விடாமுயற்சி என்னிடம் இருந்திருந்தால் உலக சாதனையே செய்திருப்பேன்.

“யார் இந்தப் பொண்ணு?” என்று சம்மேளனத்தில் கேட்டார்கள். நினைவில்லை என்றேன். மாவட்டப் போட்டிக்கு எத்தனையோ பேர் வருவார்கள்.

பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் அப்பா வந்து நின்றார். முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பெரிய வேலை இல்லை. “ஏளா, சாப்பிட்டியா?” என்றார். வீடு வரும்வரை வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 5

என்னைத் திருத்துவதற்கு ஒரு ஆலோசகரை நியமித்திருக்கிறார்கள். நளாயினி மேடம். சென்னையிலிருந்து வீடியோவில் வருகிறார். பின்னால் ஒரு மூங்கில் செடி, அதற்குப் பின்னால் புத்தகங்கள்.

“அனுசியா, தினமும் ஒரு டைரி எழுதணும். மனசுல என்ன மாற்றம் வருதுன்னு அதுல தெரியணும். கடைசில கமிட்டிக்கு சப்மிட் பண்ணுவோம்.”

“மாற்றம் வரலன்னா மேடம்?”

“வரும்” என்றார். உறுதியாக.

எனவே இரண்டு நோட்டு வாங்கியிருக்கிறேன். கோடு போட்ட நோட்டில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் இதில்.

மார்ச் 7

மன்னிப்பு வீடியோ எடுத்தோம். எனக்குக் காலணி தரும் கம்பெனியிலிருந்து ரித்விக் என்பவர் வாசகத்தை அனுப்பிவிட்டுப் போனிலேயே இருந்தார். ‘என் சொற்கள் யாரையேனும் புண்படுத்தியிருந்தால்’ என்று தொடங்குகிறது. புண்பட்டார்களா என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது போல.

“மேக்கப் வேண்டாம். முடிய விரிச்சு விட்டுக்கோங்க. கொஞ்சம் சாஃப்ட்டா தெரியணும்” என்றார்.

“அந்தப் படத்துல இருக்கிற பொண்ணு பேரு ஜெபக்கனின்னு சொல்லட்டுமா?”

“ஐயோ, பேர் வேண்டவே வேண்டாம். லீகல்ல ஒத்துக்க மாட்டாங்க. பொதுவா சொல்லுங்க.”

பொதுவாகச் சொன்னேன். அம்மாதான் போனைப் பிடித்தாள். ஆறு முறை எடுத்தோம். ஐந்தாவது நன்றாக வந்தது, ஆனால் அதில் குக்கர் விசில் அடித்துவிட்டது.

மார்ச் 8

இன்று மகளிர் தினம். மன்னிப்பு வீடியோவை வெளியிட நல்ல நாள் பார்த்துத்தான் குறித்திருக்கிறார்கள்.

ஒரு பெண்ணை ஆண் என்று கேலி செய்ததற்காக என்மேல் கோபப்பட்டு வந்த கருத்துகளில் சில:

‘இவளே ஆம்பள மாதிரிதான் இருக்கா.’

‘மூஞ்சிய பாரு. முதல்ல இவளுக்கு டெஸ்ட் எடுங்கடா.’

‘முடிய விரிச்சுப் போட்டா பொம்பளையா ஆயிருவியா?’

இந்த மூன்றாவது ஆளுக்கு மட்டும் ஆயிரத்து நானூறு லைக். நான் பதினொன்றோடு நின்றவள். எழுதத் தெரியவில்லை எனக்கு.

மார்ச் 10

தொலைக்காட்சியில் என்னைப் பற்றி விவாதம். நான்கு கட்டத்தில் நான்கு பேர். ஒருவர் ஆயுட்காலத் தடை வேண்டும் என்றார். ஒருவர் பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார். மூன்றாமவர் கடைசிவரை என்னை வட்டு எறியும் வீராங்கனை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காமவருக்குச் சத்தம் வரவில்லை. அவர்தான் தெளிவாகப் பேசியதாகத் தோன்றியது.

“சரியாத்தான சொல்லுதான்” என்றார் அப்பா, பிள்ளை என்று சொன்னவரைக் காட்டி. “பதினாறு வயசுல என்னத்த தெரியும்?”

ஐம்பது நிமிடமும் என்னைப் பற்றியே பேசினார்கள். ஜெபக்கனியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 13

மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டேன். மாலையில் அள்ளினேன். கோடு போட்ட நோட்டில் இன்று நான் அழுதிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் விசாரணை. வீடியோவில் மூன்று உறுப்பினர்கள். கூடவே மாநிலச் சங்கத்தின் செயலாளர் கிருபாகரன் சார். வழக்கமாகக் காலையில் பொண்டாட்டி ஜோக்குகளை அனுப்பும் அதே கிருபாகரன் சார்தான். இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு, ‘பெண்களின் கண்ணியம்’ என்று நான்கு முறை சொன்னார்.

தீர்ப்பு: பாதிக்கப்பட்ட பெண்ணிடமிருந்து, என்னை மன்னித்துவிட்டதாகக் கடிதம் வாங்கி வர வேண்டும். மார்ச் முடிவதற்குள். வாங்கிவிட்டால் ஏப்ரல் 12 தேர்வுப் போட்டியில் கலந்துகொள்ளலாம். வாங்காவிட்டால் இரண்டு வருடத் தடை. ஆசியப் போட்டி போய்விடும். எனக்கு இருபத்தேழு நடக்கிறது. இரண்டு வருடம் கழித்து இந்தத் தோள் என்ன சொல்லுமோ.

மொத்தத்தில் நான் எழுதியதற்கு, அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

“அந்தப் பொண்ணு அட்ரஸ் பழைய ஃபைல்ல இருக்கும். தேடி எடுக்கச் சொல்றேன்மா” என்றார் கிருபாகரன் சார்.

“ஃபைலெல்லாம் எதுக்கு சார்? நானே விசாரிச்சுக்கிடுதேன்” என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மூன்று உறுப்பினர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மார்ச் 18

காலையில் பேப்பர் படித்துக்கொண்டே அப்பா கேட்டார். “ஏளா, அந்த ஃபைலுல அது இருக்குமோ?”

எது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அம்மா மோட்டாரைப் போடச் சொன்னாள். போட்டேன்.

மார்ச் 20

இவ்வளவு தூரம் வந்த பிறகு நினைவில்லை என்று இந்த நோட்டிலும் எழுதிக்கொண்டிருப்பது வீண். ஜெபக்கனியை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று கோடை விடுமுறைகள் மாவட்டப் பயிற்சி முகாமில் ஒரே அறை. அவள், ரெஜினா, நான். அவளும் ரெஜினாவும் ஒரே ஊர், நாசரேத். ஒரே தெரு, ஒரே பெஞ்சு. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்ததால் எங்கள் மாவட்டத்துக்கு விளையாடினார்கள். நான் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டவள். கனி என்னைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அவள் நாற்பத்து நான்கு மீட்டர் எறிவாள். நான் முப்பத்தொன்பது. மாநில அணிக்கு மாவட்டத்திலிருந்து ஒருவர்தான் போக முடியும். அவள் பயிற்சியில் விளையாட்டாக எறிவதே என் போட்டித் தூரத்தைத் தாண்டும். எறிந்துவிட்டு ஈட்டியைப் பார்க்கக்கூட மாட்டாள். அதற்குள் திரும்பி ரெஜினாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருப்பாள்.

அந்த மாவட்டப் போட்டிக்குப் பிறகு கனி விளையாட்டை விட்டுவிட்டாள். ஏதோ டெஸ்ட் என்றார்கள். அடுத்த வருடம் மாநில அணிக்கு நான் போனேன்.

மார்ச் 24, திங்கள்

நாசரேத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடையில் விசாரித்தேன். “நம்ம டூவீலர் கனியா?” என்று கையைக் காட்டினார்கள். சுவரில் போர்டு: ‘கனி டூவீலர் பயிற்சி நிலையம். பெண்களுக்குப் பெண்ணே கற்றுத் தருகிறார்.’ அந்தப் ‘பெண்ணே’ மட்டும் சிவப்பில் பெரிதாக இருந்தது. போர்டு எழுதியவருக்கு அளவு தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா ஸ்கூட்டரில் அலறிக்கொண்டு போக, கனி பின்கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடிக்கொண்டிருந்தாள். அதே தோள். முடியை மட்டும் கொஞ்சம் வளர விட்டிருக்கிறாள்.

“டீச்சர், கீழ பாக்காதீங்க. தரை எங்கயும் போவாது. நேரா பாருங்க!”

என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். “அனுதான? உக்காரு. டீச்சர் எட்டு போட்டு முடிக்கட்டும்.”

முக்கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தேசியத் தங்கம் வாங்கியவள் வந்திருக்கிறாளே என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் டீச்சர் விழுவாரா மாட்டாரா என்பதிலேயே இருந்தது.

வகுப்பு முடிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நளாயினி மேடம் சொல்லிக்கொடுத்தபடி தொடங்கினேன். பொறுப்பேற்கிறேன், அந்த வயதில் எனக்கு இருந்த அறியாமை, இப்படி.

“நிப்பாட்டு” என்றாள். “டிவிக்காரங்களும் வந்தாங்க. போஸ்ட்டப் பாத்தப்ப எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. அப்ப எங்க வீட்ல ஏது ஃபோனு? அவங்க காட்டித்தான் நானே பாத்தேன்.” சிரித்தாள். “ஜெபராஜ் எங்க மாமா பேரு. நல்ல பேருதான்.”

“கோவம் இல்லையாக்கா?”

“போஸ்ட்டுக்கா? பஸ்ல அண்ணாச்சி தள்ளுங்கன்னுவாங்க. பொம்பளைங்க டாய்லெட் வாசல்ல மறிப்பாங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் வாயால சொன்னாங்க, நீ எழுதிட்ட. அத விடு. என்னைய முடிச்சது அந்த லெட்டருல்லா.”

“எந்த லெட்டர்?” என்று கேட்டேன். நன்றாகவே கேட்டேன்.

சொன்னாள். அந்த டிசம்பரில் சங்கத்துக்கு யாரோ பேர் போடாமல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். இவள் பெண்தானா என்று சோதிக்க வேண்டும் என்று. பொங்கல் முடிந்ததும் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து இவளையும் இவள் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள்.

“அம்மாவ வெளிய உக்கார வச்சுட்டாங்க. உள்ள ஆறு பேரு. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. முடிஞ்சதும் ‘ரிசல்ட் வந்ததும் கூப்பிடுதோம், அதுவரைக்கும் வீட்ல இரு’ன்னாங்க.” தரையில் கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து ஒடித்தாள். “பத்து வருசம் ஆச்சு. இன்னும் கூப்பிடல. நானும் வீட்லதான் இருக்கேன்.”

ஒடிந்து விழுந்த துண்டை நான் எடுத்தேன்.

“அந்த லெட்டர அங்க வச்சு வாசிச்சுக் காட்டுனாங்க. பதினேழு வயசாயும் இவ வயசுக்கு வரலன்னு அதுல ஒரு வரி. அது எங்க அம்மாக்குத் தெரியும். அப்பறம் ரெஜினாக்குத் தெரியும். கேம்ப்ல ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது, அவகிட்ட அழுதுட்டே சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது.”

“ரெஜினாவா எழுதியிருப்பா?”

“வேற யாரு? அவகிட்ட அதோட பேச்ச விட்டேன். கல்யாணத்துக்குக் கூப்பிட வாசல்ல வந்து நின்னா, பத்திரிகையோட. நான் கதவத் தொறக்கல. மூணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணா இருந்தவ, பாத்துக்கோ.”

அந்த மத்தியானம் நானும் அதே அறையில்தான், பக்கத்துப் பாயில் படுத்திருந்தேன். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

“தண்ணி இருக்காக்கா?” என்று கேட்டேன். கொடுத்தாள்.

ரித்விக் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதத்தை நீட்டினேன். ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துப் படித்தாள். “‘எவ்விதக் கட்டாயமும் இன்றி முழு மனதுடன்’னு போட்டிருக்கே. முக்கால் மனசுன்னா வாங்க மாட்டாங்களோ?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். “நல்லா எறி. போன மாசம் டிவியில பாத்தேன். கடைசி அடியில இன்னும் இடது கால ஒதுக்குற.”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 26

கடிதத்தைக் கொடுத்தாகிவிட்டது. ‘மன்னிப்பின் மகத்துவம்’ என்று ஒரு இணைய இதழ் எழுதியிருக்கிறது. யாருடைய மகத்துவம் என்று தெளிவாக இல்லை, ஆனால் என் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். ரித்விக் கூப்பிட்டு, நாங்கள் இருவரும் கட்டிப்பிடிக்கிற மாதிரி பதினைந்து வினாடி வீடியோ கிடைக்குமா என்றார். முடியாது என்றேன். பத்து வினாடியாவது என்றார்.

“கையெழுத்து வாங்கியாச்சுல்லா?” என்றார் அப்பா. “அப்பறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

மார்ச் 31

ஓய்வு ரத்து. உடனே முகாமுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நளாயினி மேடத்துக்குக் கோடு போட்ட நோட்டு மிகவும் பிடித்துவிட்டது. “இவ்வளவு நேர்மையான டைரிய நான் பாத்ததே இல்ல அனுசியா” என்றார். மற்ற விளையாட்டு வீரர்களுக்கு மாதிரியாகக் கொடுக்க அனுமதி கேட்டார். கொடுத்தேன்.

ஏப்ரல் 2

முகாம். காலையில் நாற்பது எறி. ஒன்றும் சரியாக விழவில்லை.

நான் தூங்கவில்லை.

கண்ணை மூடியிருந்தேன். கனி அழுததையும் கேட்டேன், சொன்னதையும் கேட்டேன். ரெஜினா, “இதுக்குப் போயி அழுவாங்களா, டாக்டர்ட்ட காட்டலாம்” என்று அவள் தலையைத் தடவியதையும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த மே மாதம் கேட்டதை டிசம்பர்வரை வைத்திருந்தேன். நடுவில் நவம்பரில் அவளிடம் ஐந்து மீட்டர் வித்தியாசத்தில் தோற்றேன். அன்று சாயங்காலம் அந்தப் படத்தைப் போட்டேன். பதினொரு லைக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அவள்தான் மாநில அணி என்று பட்டியல் வந்தது. அதன் பிறகுதான் கடிதம்.

அப்பா எழுதச் சொன்னார் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அப்பா காகிதம் வாங்கித் தந்தார். தபால்பெட்டியில் போட்டார். யாரும் சொல்லச் சொல்ல நான் எழுதவில்லை. எல்லாம் என் வாக்கியம்தான். யாருக்கும் எழுத்து தெரியக் கூடாதென்று இடது பக்கம் சாய்த்து எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க. அடித்தல் திருத்தல் கிடையாது.

நாடே என் பதிவைத் தோண்டி எடுத்துத் திட்டித் தீர்த்தது. கடிதத்துக்கு லைக் போட வழியில்லை, பகிரவும் வழியில்லை. அதனால் அது பத்திரமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

தேர்வுப் போட்டி. 57.40. முதலிடம். இடது காலை ஒதுக்காமல் எறிந்தேன்.

ஏப்ரல் 14

இரண்டு நாள் விடுப்பில் வீடு. அம்மா மாங்காய்ப் பச்சடி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் குழுவுக்கும் கிருபாகரன் சாருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், விசாரித்து எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று. தேர்வு முடியட்டும் என்றுதான் இவள் காத்திருந்தாள் என்று யாராவது நினைக்கலாம். சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

அனுப்பிவிட்டு அப்பாவிடம் சொன்னேன்.

“கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?” எழுந்தே விட்டார். “சந்தேகம்னுதான எழுதினோம்? தப்புன்னா டாக்டர் சொல்லிருப்பான்லா?”

“டாக்டர் ஒண்ணுமே சொல்லலப்பா. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.”

“அதுக்கு நாம என்ன செய்ய?”

“எழுதினோம்னு சொல்லாதீங்க. நான்தான் எழுதினேன்.”

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். உள்ளேயிருந்து அம்மா, “என்ன லெட்டரு?” என்று கேட்டாள். பத்து வருடமாக அவளுக்குத் தெரியாது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் 21

முகாமுக்குப் பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன். ‘தாங்கள் குறிப்பிடும் புகார் உரிய வழியில் சங்கத்துக்கு அளிக்கப்பட்டதாகும். அது சமூக ஊடக நடத்தை விதிகளின் கீழ் வராது. எனவே தங்கள் மீது நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இல்லை. இது குறித்துப் பொதுவெளியில் கருத்துத் தெரிவிப்பதைத் தவிர்க்கவும். ஆசியப் போட்டிக்கு வாழ்த்துகள்.’

பதினொரு லைக்குக்கு இரண்டு வருடத் தடை. ஒரு பக்கக் கடிதத்துக்கு வாழ்த்துகள்.

கிருபாகரன் சார் போனிலும் வந்தார். “ஏம்மா பழச இழுக்குற? அப்ப நீ எழுதினது சங்கத்துக்கு ஒரு உதவிதான்.”

“அந்த டெஸ்ட் ரிசல்ட் என்னாச்சு சார்?”

“எந்த டெஸ்ட்?... ஓ, அதுவா. இருக்கும்மா. எங்கயாவது இருக்கும். நடுவுல ஆபீஸ் மாத்தினோம்ல.”

யாராவது தண்டித்திருந்தால் அதைச் சாக்காக வைத்து நாசரேத்துக்குப் போகாமல் இருந்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டு நாள் அனுமதி கேட்டு வந்தேன். இன்று காலை பத்து மணிக்கு மைதானத்தில் இருந்தேன். புதிதாக இரண்டு பெண்கள் வண்டியைத் தள்ளப் பழகிக்கொண்டிருந்தார்கள். கனி அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

“என்ன, இன்னொரு கையெழுத்தா?”

“இல்லக்கா.” யாரும் சொல்லிக்கொடுக்காததால் சுருக்கமாகத்தான் வந்தது. “ரெஜினா எழுதல. நான் எழுதினேன். அன்னைக்கு மத்தியானம் நான் தூங்கல.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் ஸ்கூட்டரின் ஸ்டாண்டைப் போட்டாள். சரியாக நிற்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

“போன தடவ வந்தப்ப சொல்லிருக்கலாம்ல.”

“கையெழுத்து வேணும்லக்கா.”

“ம்.” வண்டிச் சாவியை உருவி எடுத்தாள். “டீம்ல எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

“எத்தன மீட்டர்?”

“அம்பத்தேழு நாப்பது.”

மைதானத்தின் அந்தக் கோடிவரை பார்த்தாள். கண்ணாலேயே அளந்தாள். “நான் அறுபது போட்டிருப்பேன்” என்றாள்.

“போட்டிருப்பீங்கக்கா.”

“அத நீ சொல்லாண்டாம்.”

ரிசல்ட் சங்கத்தில் எங்கோ ஃபைலில் இருக்கிறதாம், நான் முயற்சி செய்து வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். “அத வச்சு நான் என்ன செய்ய? லைசென்ஸ் எடுக்கவா?” என்றாள். பிறகு என் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். அவள் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் வகுப்பில் பேசுகிற குரலாகவே இருந்தது.

“அனு, ஒண்ணு கேட்டுக்கோ. அந்தப் பேப்பர்ல நான் மன்னிச்சது போஸ்ட்டுக்கு. லெட்டருக்கு இல்ல. ரெண்டையும் கொழப்பிராத.”

“சரிக்கா.”

“நீ ஆசியாவுக்குப் போ, போகாம இரு. அத ஏங்கிட்ட வந்து கேக்காத. உனக்கு என்ன செய்யணும்னு சொல்லுத வேலையையும் நான் பாக்க முடியாது.”

கேட்கத்தான் நினைத்திருந்தேன்.

“ரெஜினா நம்பர் இருக்கா உங்கிட்ட?”

இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு வாழ்த்து அனுப்புவேன். சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. வண்டி தள்ளிய பெண்கள் இருவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை எடுத்தார்கள்.

“ரெஜி... நான் கனி பேசுதேன்.” அந்தப் பக்கம் என்ன கேட்டதோ. “எந்தக் கனியா? ஏட்டி, உனக்கு எத்தன கனி...” புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். நான் இன்னும் அங்கேயே நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, போ என்று கையை அசைத்தாள்.

போனேன்.